எச்ஐவி உள்ள முன்னாள் படைவீரருக்கு மனச்சோர்வு சிகிச்சை வேறுபடுமா?

அடிப்படை ஒன்றுதான். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எச்ஐவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாத்திரை, பேச்சு சிகிச்சை, அல்லது இரண்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். மனச்சோர்வு என்பது ஒரு நாள் வருத்தமல்ல. குறைந்தது இரண்டு வாரம் விடாமல் நீடிக்கும் வாட்டம், எதிலும் நாட்டமின்மை. அதை அளக்க ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மருத்துவர் விரிவாக விசாரிப்பார். எச்ஐவி உள்ளவரிடம் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடும்: களைப்பும் தூக்கமின்மையும் அந்த நோயாலும் வரலாம், எஃபாவிரென்ஸ் போன்ற எச்ஐவி மருந்தாலும் வரலாம்.

உண்மையான வேறுபாடு மருந்துத் தேர்வில். எச்ஐவி சிகிச்சையில் சேர்த்துக் கொடுக்கப்படும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் இரண்டும் கல்லீரல் வேறு சில மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் குறைக்கும். தொட்டியின் வடிகால் பாதி அடைத்திருந்தால், குழாயை வழக்கம்போலத் திறந்தாலும் தண்ணீர் ஏறிக்கொண்டே போகுமல்லவா? அதே கதைதான். அதனால் டிராசோடோன் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்கு என்று சிலர் எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை நேர் எதிர். எச்ஐவி மருந்தின் அளவையே ரத்தத்தில் குறைத்துவிடும். மூலிகைதானே என்று பலர் மருத்துவரிடம் சொல்வதுகூட இல்லை.

மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டாம் வாரமே நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும்.

“எச்ஐவி வந்தால் மனம் உடையத்தானே செய்யும், அதற்கு எதற்கு மருந்து?” என்பது தவறான எண்ணம்: மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் எச்ஐவி மாத்திரைகளும் தவறத் தொடங்கும், ரத்தத்தில் வைரஸ் மீண்டும் பெருகும்.