பட்டாளத்து அண்ணாச்சி பதில்கள்

அண்ணாச்சி, அமெரிக்க ராணுவத்தில் கறுப்பர்களைத் தனிப்படையாக ஒதுக்கி வைத்திருந்ததை ஜனாதிபதி ட்ரூமன் ஒரே கையெழுத்தில் ஒழித்தார் என்று என் பேரனின் போட்டித்தேர்வுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அப்படியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

கையெழுத்துப் போட்டது உண்மை, சார். 1948 ஜூலை 26, உத்தரவு எண் 9981. ஆனால் உத்தரவு வந்த அன்றைக்கே பாரக்கில் கட்டில் மாறிவிடாது. 28 வருஷம் பட்டாளத்துச் சோறு தின்றவன் சொல்கிறேன்.

கையெழுத்துக்கு முந்தின கதையைக் கேளுங்கள். ஐசக் வுட்டர்ட் என்று ஒரு கறுப்பர், சார்ஜென்ட். உலகப்போர் முடிந்து, 1946 பிப்ரவரியில் பட்டாளத்தை விட்டு வந்த அன்றே, யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் ஊருக்கு பஸ் ஏறினார். தெற்குக் கரோலினாவில் டிரைவரோடு வாய்த்தகராறு. கீழே இறக்கிய போலீஸ் அதிகாரி அடித்த அடியில் இரண்டு கண்ணும் போயிற்று. ஜூரியோ அந்த அதிகாரியை விட்டுவிட்டது! இதைக் கேள்விப்பட்டு ட்ரூமன் ஆடிப்போனார். இன்னொரு பக்கம், ரயில் படுக்கைப் பெட்டி ஊழியர் சங்கத்தின் தலைவர், கறுப்பரான ஏ. பிலிப் ராண்டால்ஃப். நிறப் பிரிவினை இருக்கிறவரை பட்டாளத்துக்குப் போகாதே என்று பையன்களிடம் சொல்வேன் என 1948ல் செனட் கமிட்டி முன்பாகவே சொன்னார். தேர்தல் வருஷம் வேறு.

உத்தரவில் ‘பிரிவினை’ என்ற சொல்லே கிடையாது. சம நடத்தை, சம வாய்ப்பு என்றுதான் இருக்கும். தரைப்படை அதைச் சாக்காக வைத்து இழுத்தடித்தது. 1950ல் கொரியா யுத்தம் மூண்டு, வெள்ளையர் படைகளில் ஆள் குறைந்தபிறகுதான் கறுப்பு வீரர்களைக் கலந்து அனுப்பினார்கள். கடைசித் தனிப்படை கலைய 1954 ஆயிற்று.

நம் பக்கத்து ஆட்களை வெள்ளைக்காரன் ராணுவம் எப்படி நடத்தியது?
– கல்லூரி மாணவி, வள்ளியூர்

சண்டைக்கு லாயக்கில்லாதவன் என்று ஒதுக்கினான், தாயி. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், நெடுங்கால அமைதியில் தெற்கத்தியான் மழுங்கிப்போனான் என்ற கட்சிக்காரர். பிறகு இந்தியாவுக்கே தளபதியாகி, நம் பட்டாளங்களைக் குறைத்து வடமேற்கு ஆட்களைச் சேர்த்தார். 1920கள் முடிவதற்குள் சென்னைக் காலாட்படையே இல்லாமல் போயிற்று. பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் தப்பியது.

உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டதும் 1941ல் மெட்ராஸ் ரெஜிமென்ட் திரும்ப எழுந்தது. அடுத்த வருஷம் சேர்ந்தவர் என் தாத்தா. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வார்: “ஏல, நேத்துவரை லாயக்கில்லாதவன். ஜப்பான்காரன் வந்தான், லாயக்காயிட்டேன்.”

அதிகாரி பதவியில் இன்னும் மோசம். இந்திய அதிகாரிகளை எட்டே எட்டுப் பட்டாளங்களில் மட்டும் போடுவது என்று 1923ல் ஒரு திட்டம். வெள்ளைக்கார அதிகாரி இந்தியனுக்குக் கீழே நிற்கும்படி ஆகிவிடக் கூடாதாம்! அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் டேராடூன் அகாடமி 1932ல்தான் வந்தது.

உங்களை யாரும் ஏளனம் செய்ததில்லையா அண்ணாச்சி?
– வாசகர், சுரண்டை

செய்யாமலா? வடக்கே ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, லங்கர் சமையல்காரர் “ஏ மதராஸி” என்று கூப்பிட்டுத்தான் தட்டில் போடுவார். எனக்குக் காது சூடாகும். ஒருநாள் விளையாட்டுப் போட்டியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து “வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு” என்று எங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் போர்முழக்கத்தைப் போட்டோம். அவரும் கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் முதல் “ஏ வீர மதராஸி”தான். கறித்துண்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.