பூத்தில் நிகாபை யார் முன்னால் விலக்குவது?

கேள்வி: என் உம்மாவுக்கு 61 வயது. வெளியே போனால் நிகாப் இல்லாமல் போனதில்லை. போன தேர்தலில் பூத்துக்குள் நுழைந்ததும் ஒரு கட்சி ஏஜென்ட், "முகத்தைக் காட்டச் சொல்லுங்க, ஆள் யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சத்தம் போட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உம்மா ஓட்டுப் போடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். முகம் காட்டாமல் ஓட்டுப் போட வழி உண்டா?
– கீழக்கரை வாசகி

முகம் காட்டாமல் ஓட்டுப் போட வழி இல்லையம்மா. ஆனால் அந்த ஏஜென்டிடம் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பூத்தில் சண்டை வருகிறது. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து, பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் பட்டியலில் கோஷா (பர்தா அணியும்) பெண்களின் படம் இருக்கக் கூடாது என்று தமிழ்நாட்டிலிருந்தே ஒருவர் வழக்குப் போட்டார். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, 2010 ஜனவரியில் நீதிபதிகள் இன்னும் கடுமையாகவே பேசினார்கள். யாரும் பார்க்கக் கூடாது என்று நினைப்பவர் ஓட்டுப் போட வராமல் இருந்துகொள்ளலாம் என்கிற தொனி. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனாலும் சட்டத்தின் நிலை அதுதான்: படமும் வேண்டும், படத்தோடு முகத்தை ஒத்துப் பார்க்கவும் வேண்டும்.

அப்படியானால் யார் பார்ப்பது, எங்கே பார்ப்பது? தேர்தல் ஆணையம் தலைமை அலுவலருக்குக் கொடுக்கும் கையேட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. பர்தா அணியும் பெண்கள் கணிசமாக உள்ள வாக்குச்சாவடியில், தனியாக மறைப்புக் கட்டி, உள்ளே ஒரு பெண் அலுவலரே முகம் பார்த்து மையும் வைக்க வேண்டும். அந்தரங்கமும் கண்ணியமும் கெடக் கூடாது. மறைப்புக்குக் காசு செலவழிக்காதீர்கள், கயிற்றுக் கட்டிலோ உள்ளூர்த் துணியோ போதும் என்றுகூட அதில் எழுதியிருக்கிறார்கள். கயிற்றுக் கட்டிலுக்கு நான் எங்கே போவேன்? கரும்பலகை ஸ்டாண்டு இரண்டை நிறுத்தி, நடுவில் ஒரு போர்வையைக் கட்டினேன். அதுவே போதுமாக இருந்தது.

பெண் அலுவலரே இல்லாத பூத் என்றாலும் சாக்கு சொல்ல முடியாது. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 34-ஆம் விதி, பெண் வாக்காளர்களுக்கு உதவ ஒரு பெண்ணை உதவியாளராக அமர்த்திக்கொள்ளத் தலைமை அலுவலருக்கே அதிகாரம் கொடுக்கிறது. 2025 பீகார் தேர்தலில் இந்த வேலைக்கு அங்கன்வாடிப் பணியாளர்களை நிறுத்துவதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது.

இனி அந்த ஏஜென்ட். அவருக்குச் சந்தேகம் வரலாம், தப்பில்லை. சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியதும் விதியில் இருக்கிறது. 'சேலஞ்ச் ஓட்டு' என்போம். தலைமை அலுவலரிடம் 2 ரூபாய் கட்டி, "இவர் அவர் இல்லை" என்று ஆட்சேபிக்க வேண்டும். ஆமாம், இன்றைக்கும் 2 ரூபாய்தான்! அலுவலர் அங்கேயே சின்னதாக ஒரு விசாரணை வைப்பார். ஆட்சேபித்தவர்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் உம்மா ஓட்டுப் போடலாம். வேண்டுமென்றே வம்பு செய்ததாகத் தெரிந்தால் அந்த 2 ரூபாயும் போச்சு. எழுந்து நின்று கத்துவதோ, நிகாபை விலக்கச் சொல்வதோ, கையில் இருக்கும் அட்டையைப் பிடுங்கிப் பார்ப்பதோ அவர் வேலை இல்லை. வேட்பாளரே வந்தாலும் இதே கதைதான். 2024 மே மாதம் ஐதராபாத்தில் ஒரு வேட்பாளர் புர்கா அணிந்த பெண்களிடம் முகத்தைக் காட்டச் சொல்லி அடையாள அட்டையைச் சரிபார்த்தார். அவர் மீது வழக்குப் பதிவானது.

2022 பிப்ரவரியில் நம் மதுரை மாவட்டம் மேலூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நகராட்சித் தேர்தலில் ஹிஜாப் அணிந்து வந்த ஒரு பெண்ணைப் பார்த்து ஒரு கட்சி ஏஜென்ட் ஆட்சேபித்தார். இத்தனைக்கும் ஹிஜாபில் முகம் தெளிவாகத் தெரியும், சரிபார்க்க எந்தத் தடையும் இல்லை. மற்ற கட்சிக்காரர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் அவரை வெளியே கொண்டுபோய் விட்டது. தலையை மூடும் துணிக்கும் முகத்தை மூடும் துணிக்கும் வித்தியாசம் தெரியாமலே பேசுகிறவர்கள் நிறைய. நம் ஊரில் மறைப்புக்கு ஏற்பாடு செய்துகொடுப்பது ஒன்றும் புதுசு இல்லை. சென்னையில் 1885-இல் கோஷா பெண்களை மனதில் வைத்தே ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். கஸ்தூர்பா காந்தி என்று பெயர் மாறிய பிறகும் சென்னைக்காரர்களுக்கு அது 'கோஷா ஆஸ்பத்திரி'தான்.

சரி, உங்கள் உம்மாவுக்கு என்ன செய்யலாம்? மறைப்பை ஓட்டுப் போடும் நாள் காலையில் கேட்டால் கிடைப்பது சந்தேகம். நாங்கள் முந்தின நாளே பெட்டியோடு போய் மேசை நாற்காலியெல்லாம் போட்டுவிடுவோம். காலையில் மாதிரி வாக்குப்பதிவு முடிந்து, வரிசையும் தொடங்கிவிட்டால், போர்வை தேட யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் பூத் சிலிப் கொடுக்க வருகிற பிஎல்ஓ-விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்; பெரும்பாலும் உங்கள் பகுதி அங்கன்வாடி அம்மாவோ டீச்சரோதான்) அப்போதே சொல்லிவையுங்கள்: "எங்கள் பூத்தில் நிகாப் போடும் பெண்கள் இத்தனை பேர், மறைப்பு வேண்டும், பெண் அலுவலர் வேண்டும்." ஒருவர் கேட்பதைவிடத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் காரியம் நடக்கும். முந்தின நாள் சாயந்திரம் வீட்டு ஆண்கள் யாராவது பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை அலுவலரிடம் நினைவுபடுத்தட்டும். வீட்டிலிருந்தே ஒரு பெட்ஷீட் கொண்டுபோனாலும் வாங்கிக்கொள்வார். நானாக இருந்தால் நன்றி சொல்லியே வாங்கியிருப்பேன்.

அன்றைக்கு உள்ளே போனதும் முதல் அலுவலர் உம்மாவின் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிப்பார், ஏஜென்டுகள் குறித்துக்கொள்வதற்காக. அதைக் கேட்டு உம்மா பதற வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். அதற்கு முன்பே, "பெண் அலுவலரிடம் முகம் காட்டுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அலுவலர் கேட்டு, உம்மா தயங்கி நிற்கிற அந்த அரை நிமிடத்தில்தான் ஏஜென்டுக்கு வாய் திறக்க இடம் கிடைக்கிறது. மீறி யாராவது சத்தம் போட்டால் அவருக்குப் பதில் சொல்லாமல் நேராகத் தலைமை அலுவலரிடம் பேசச் சொல்லுங்கள். அவரும் கண்டுகொள்ளவில்லை என்றால் தேர்தல் ஆணையத்தின் உதவி எண் 1950-க்குப் போன் போடலாம். ஆனால் பூத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. ஆகவே நீங்கள் வெளியே நில்லுங்கள்.

வாக்காளர் அட்டையில் உள்ள படத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டைகளில் யார் முகம் என்றே தெரியாத கறுப்புப் படங்கள் உண்டு. அப்படி இருந்தால் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். அதற்கு நேரமில்லை என்றால் ஆதார், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் இவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டை நம்பிப் போகாதீர்கள், சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கான மாற்று ஆவணப் பட்டியலில் அது இல்லை.

உம்மா கையுறையும் போடுவார் என்றால் இடது கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆட்காட்டி விரலைக் காட்ட மறுத்தால் ஓட்டு கிடையாது என்பது விதி. அதையும் மறைப்புக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். மருதாணி இருந்தால் பரவாயில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் துணியால் துடைத்துவிட்டு மை வைப்பார்கள்.