டயட் பானமும் இனிப்புப் பொட்டலமும்: எந்த அளவு வரை?

கேள்வி: வயது 52, எடை 60 கிலோ. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுக்கிறேன். தினமும் டயட் கோலா இரண்டு கேன், காபிக்குச் செயற்கை இனிப்புப் பொட்டலம் நான்கு. எல்லாமே அஸ்பார்டேம். அது புற்றுநோய் தரும் என்கிறார்களே, உடனே நிறுத்த வேண்டுமா?

பதில்: புற்றுநோய்க்குப் பயந்து நிறுத்தத் தேவையில்லை. 2023 ஜூலையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அஸ்பார்டேமை ‘2பி’ பிரிவில் வைத்தது உண்மை. சந்தேகத்துக்கு இடமுண்டு, சான்று போதவில்லை என்பதே அந்தப் பிரிவின் அர்த்தம். எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று அந்த முகமை பார்ப்பதில்லை. அதற்கு உணவுச் சேர்பொருள்களுக்கான நிபுணர் குழு தனியாக இருக்கிறது. அதே சமயத்தில் அதுவும் ஆராய்ந்து, உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றாமல் விட்டது. செய்திகளில் முதல் பாதிதான் பெரிதாக வந்தது.

உங்கள் எடைக்கு வரம்பு 2,400 மி.கி. ஒரு கேனில் 200 முதல் 300 மி.கி. அஸ்பார்டேம் இருக்கும்; பொட்டலம் ஒன்றில் ஏறக்குறைய 40 மி.கி. இரண்டையும் கூட்டினால் அதிகபட்சம் 760, அதாவது வரம்பில் மூன்றில் ஒரு பங்கு. வாழ்நாள் முழுக்கத் தினமும் எடுத்தாலும் பாதகமில்லை என்று போட்ட வரம்பு அது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அட்டையில் எழுதிய பிஸ்கட், சாக்லேட் விஷயம்தான் வேறு. பிஸ்கட்டில் உள்ள மாவே குளுக்கோஸாக மாறும். இனிப்புக்காகச் சேர்க்கும் மால்டிடால் (அட்டையில் சேர்பொருள் எண் 965) சர்க்கரையைப் போல ஏறக்குறைய பாதி கலோரி தருவது. ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். அட்டையில் ‘சர்க்கரை’ என்ற வரியோடு நிற்காமல் ‘மொத்த மாவுச்சத்து’ வரியைப் படியுங்கள். மால்டிடால், சார்பிடால் (420) இரண்டும் குடலில் முழுதாக உறிஞ்சப்படாததால் வாயுவும் வயிற்றுப்போக்கும் வரும். மெட்ஃபார்மினும் அதையே செய்யக்கூடியது என்பதால் பழி மாத்திரை மேல் விழுந்துவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதற்கு முன், இவை சேர்த்த சாக்லேட், மெல்லும் மிட்டாயை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

எரித்ரிடால் (968) என்ற இன்னொரு இனிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. நம் உடலே எரித்ரிடாலைத் தயாரிக்கும். ஆகவே அது காரணமா, வெறும் அடையாளமா என்பது தீரவில்லை. இதய நோய் இருப்பவர் அதைக் கரண்டி கரண்டியாகப் போட வேண்டாம். ‘ஸ்டீவியா’ என்று விற்கும் பொடிகள் பலவற்றில் பெரும்பகுதி இதுதான், பாருங்கள்.

அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேருங்கள். இனிப்பு போதவில்லையே என்று இரண்டாவது பொட்டலத்தைப் பிரிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

எடை குறையும் என்று நம்பி இவற்றைக் குடிக்க வேண்டாம். நீண்டகாலத்தில் பலன் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. அந்தப் பரிந்துரை சர்க்கரை நோயாளிகளுக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை சர்க்கரை போட்ட கோலாவைவிட டயட் கோலா மேல். தண்ணீர் அதைவிட மேல். ஒரு கேனைக் குறைத்தாலே பல்லுக்கு நல்லது, டயட் பானத்திலும் அமிலம் அதேதான்.

பின்னால் மருத்துவர் இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ சேர்த்தால், ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால், கையோடு குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது டயட் கோலா எந்த உதவியும் செய்யாது. 15 கிராம் குளுக்கோஸ், இல்லையேல் மூன்று டீஸ்பூன் சாதாரணச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்.