ராஜ்தூத் 350: ஒரு பக்கம் அடிக்கவில்லை என்றால் உடனே ரீபோரா?

கேள்வி: அப்பாவின் ராஜ்தூத் 350 இரண்டு வருடமாக ஓரமாக நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இடது சைலன்சர் சூடாவதே இல்லை, வண்டி இழுக்கவும் இல்லை. மெக்கானிக் இரண்டு சிலிண்டரையும் ரீபோர் (உள்சுவரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) செய்யச் சொல்கிறார். இன்னொருவர், ‘இன்ஜின் போச்சு, இருக்கிறபடியே கொடுத்துடுங்க’ என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அந்த இன்னொருவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் தயாரிக்க ஆரம்பித்து, சில வருடங்களிலேயே நிறுத்திவிட்ட வண்டி இது. இருப்பவை கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். ‘இன்ஜின் போச்சு’ என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கி, பிளக்கை மாற்றி மறுவாரமே விற்கிற புரோக்கர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் மீட்டர்) போட்டுப் பார்த்தாரா? இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால், இடது பக்கம் மட்டும் அடிக்காததற்குக் காரணம் தேய்மானம் இல்லை. கேஜ் இல்லாமலே ரீபோர் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இந்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பிளக், காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பாயிண்ட் (நெருப்பு வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை), கண்டென்சர் (பாயிண்ட் முனை கருகாமல் காப்பது), கார்ப் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்). அதனால் இடதை வலதாக மாற்றிப் போட்டாலே பாதி குற்றவாளிகள் மாட்டுவார்கள். இடது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் நெருப்பு வரவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் இரண்டு பிளக்கையும் பக்கம் மாற்றுங்கள். கோளாறு வலதுக்குப் போனால் பிளக்தான். போகவில்லையா? அடுத்து காயில். ஆரஞ்சு கம்பி இடது காயிலுக்கு, சாம்பல் கம்பி வலது காயிலுக்கு வரும். காயிலை மாற்றும்போது இந்தக் கம்பியையும் பிளக்குக்குப் போகும் தடித்த வயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் டைமிங் குழம்பிவிடும். கிக்கர் திருப்பி அடிக்கலாம். அப்புறம் பாயிண்ட். இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்க வேண்டும், முனை கருகி இருந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

பிளக் காய்ந்திருந்தால் இடது கார்பைக் கழற்றி, ஸ்லோ ஜெட் என்ற சின்னப் பெட்ரோல் துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வருடம் தேங்கிய பெட்ரோல் பிசினாகிவிடும். போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எண்பதுகளின் ரப்பருக்கு அது ஆகாது. ‘பழைய வண்டிக்குக் கலக்காத பெட்ரோல் வேண்டும்’ என்று கேட்டால் பங்கில் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். திட்டம் போட்டவர்கள் பழைய வண்டிக்காரனை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இடது பக்கம் திரும்ப அடிக்க ஆரம்பித்ததும் சந்தோஷத்தில் நீண்ட ஓட்டம் ஓடிவிடாதீர்கள். இந்த வண்டியில் பார்க்க வேண்டிய ஒரு வில்லங்கம் இடது பக்கக் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்). ஆல்டர்னேட்டர் (மின்சாரம் தயாரிக்கும் பாகம்) பக்கம் இருக்கிற இந்தச் சீல், வண்டி நின்றபடியே காய்ந்து விறைத்துவிடும். அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். கலவையில் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் சூடு ஏறிப் பிஸ்டன் ஜாம் ஆகும், அதுவும் நல்ல வேகத்தில். அடையாளம் இரண்டு: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கும், இடது பிளக் முனை வெள்ளை வெளேரென்று இருக்கும். இதைப் பார்த்த பின்னும் ‘ஓட ஓட சரியாயிடும்’ என்று யார் சொன்னாலும் ஓட்டாதீர்கள். வலது சீல் போனால் கியர் ஆயில் உள்ளே ஏறிப் புகை கக்கும், தானே காட்டிக்கொடுத்துவிடும். இடது சீல் அப்படிப் புகை விட்டுக் காட்டிக்கொடுக்காது, மேலே சொன்ன இரண்டு அடையாளங்களை நாம்தான் கவனிக்க வேண்டும்.

சீல் மலிவுதான். ‘ஜப்பான் ஒரிஜினல்’ என்று டப்பாவில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சீலின் உள் விளிம்பு (உதடு) வளைந்து கொடுக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மாற்றி முடித்ததும் பழைய சீலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் பில்லில் மட்டும்தான் சீல் மாறியிருக்கிறது.