சென்னையிலிருந்து கோவைக்கு வீடு மாற்ற எவ்வளவு ஆகும்? 18,500 என்று பேசி 29,830 கொடுத்தவள் சொல்கிறேன்

கேள்வி: சென்னையிலிருந்து கோவைக்கு 2 பிஎச்கே வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோக பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் எவ்வளவு வாங்குவார்கள்? ஒருவர் போனில் 12,000 என்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். உங்கள் வீட்டைப் பார்க்காமலேயே அவர் 12,000 என்று சொல்லியிருப்பார். வீட்டைப் பார்க்காமல் சொல்கிற எந்தத் தொகைக்கும் அர்த்தம் கிடையாது.

2023 மே மாதம் நாங்கள் ஆதம்பாக்கத்திலிருந்து கோவை கணபதிக்கு மாறினோம். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் நேரில் வந்து பரணில் கிடந்ததைக்கூட எட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, எல்லாம் சேர்த்து 27,000 என்றார். இன்னொருவர் வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பச் சொல்லி 32,000 என்றார். மூன்றாமவர் ஒன்றையும் பார்க்கவில்லை. "டூ பிஎச்கேதானே மேடம், 18,500 கொடுங்க போதும்." வந்து பார்த்தவரிடமே கொடுத்துவிடலாம் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். 8,500 மிச்சம் என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கும் இந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது, படிக்கட்டும்.

காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். ஐந்து ஆள் என்றது மூன்று ஆளாகிவிட்டது. போனில் பேசியவர் ஒருவர், வந்தவர் வேறொருவர். கேட்டால், "அவங்க புக்கிங் மட்டும்தான் சார், வண்டி எங்களுது." அதாவது நம் நம்பரை வாங்கி இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுகிற வேலை. பபிள் ரேப் டிவிக்கு மட்டும்தான். பீரோவை எங்கள் வீட்டுப் போர்வையிலேயே சுற்றினார்கள். மூட்டை கட்டிய பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாடியை அந்த மே வெயிலில் எத்தனை முறை ஏறி இறங்கினார்களோ. மோர் கொடுத்தபோது, "இன்னும் சோறு சாப்பிடலக்கா" என்றான் ஒருவன். மணி நாலு.

கடைசி மூட்டையும் வண்டியில் ஏறியபிறகுதான் சூப்பர்வைசர் நோட்டை எடுத்தார். மாடிப்படி கூலி 2,000. போனில் சொன்ன லிஸ்ட்டில் இல்லாத சாமான்களுக்கு 4,000 (எந்த லிஸ்ட்? நாங்கள் லிஸ்ட்டே கொடுக்கவில்லை). 18,500க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 3,330. அங்கேயே 27,830 ஆகிவிட்டது. வீடு காலி, சாமான் லாரியில், சாவியை வாங்க ஓனர் வாசலில் நிற்கிறார். இந்த நிலையில் யாரால் பேரம் பேச முடியும்? கோவையில் இறக்குகிற நேரத்தில் இறக்குக்கூலி என்று இன்னொரு 2,000. ஆக 29,830. நேரில் வந்து பார்த்தவர் கேட்ட தொகையைவிட 2,830 அதிகம்.

"இவ்வளவு படித்தவர்கள் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டாமா" என்று கமெண்ட் போடப் போகிறவர்களுக்கு: வாங்கவில்லை, தப்புத்தான். அதனால்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களும் சண்டைக்கு வராதீர்கள். அந்த 27,000 காரரும் உங்கள் தொழில்தானே.

விலை ஏன் இவ்வளவு மாறுகிறது என்றால், நாம் வாங்குவது லாரியில் இடம். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு வண்டியை முழுதாக நமக்கென்று எடுத்தால் ஒரு விலை, வேறு வீட்டுச் சாமானோடு சேர்த்து ஏற்றினால் (பார்ட் லோடு என்பார்கள்) ஒரு விலை. பார்ட் லோடு மலிவு, தப்பும் இல்லை. ஆனால் முதலிலேயே சொல்ல வேண்டும். எங்களிடம் சொல்லவில்லை. சேலத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சாமானை இறக்கிவிட்டு, மறுநாள் காலை வரவேண்டிய வண்டி மூன்றாம் நாள் ராத்திரி வந்தது. நல்லவேளை, சாமி படம், உப்பு, மஞ்சள், பால் காய்ச்சுகிற பாத்திரம் நான்கையும் அத்தை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். பால் காய்ச்சிவிட்டோம். மூன்று நாளும் தரையில் ஜமுக்காளம்.

வழியில் டிரைவர் போன் செய்து, செக்போஸ்ட்டில் ஈ-வே பில் (ஜிஎஸ்டியில் சரக்கு ஏற்றிப்போக எடுக்கிற ஆன்லைன் சீட்டு) கேட்கிறார்கள், 1,500 அனுப்புங்கள் என்றார். என் தம்பி ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறான். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில்லே தேவையில்லை என்று அவன் சொன்னதை அப்படியே டிரைவரிடம் சொன்னேன். "சரிம்மா பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அந்த மூன்று நாளில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான். ஜிஎஸ்டி வாங்கினார்களே, அதற்குக் கொடுத்த சீட்டில் ஜிஎஸ்டி நம்பரே இல்லை. தமிழ்நாட்டில் பதிவான நம்பர் 33 என்று தொடங்கும், மொத்தம் 15 எழுத்து. ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டிவிடும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

இன்சூரன்ஸ் என்று சாமான் மதிப்பில் 3 சதவீதம் கேட்டார்கள். பாலிசி எந்தக் கம்பெனி என்றேன். "நாங்களே பில்லுல எழுதித் தருவோம் மேடம்." அது இன்சூரன்ஸ் இல்லை, வாய்வார்த்தை. நான் கட்டவில்லை. பீரோ கண்ணாடி உடைந்துதான் வந்தது. கட்டியிருந்தாலும் உடைந்துதான் வந்திருக்கும்.

இன்னொரு கூத்து. டில்டிங் இல்லாத பழைய கிரைண்டர், கல்லோடு சேர்த்து ஒரு ஆள் தூக்க முடியாது. "லிஸ்ட்டில் இல்லாத சாமான்" 4,000த்தில் முதலில் எழுதியிருந்தது அதுதான். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊருக்கு, அந்த ஊரிலேயே செய்த கிரைண்டரை வண்டிக்கூலி கொடுத்துத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறோம். அத்தை கல்யாணத்துக்கு வந்தது, விட்டுவிட்டு வர முடியாது என்பது வேறு விஷயம். உங்கள் வீட்டில் அப்படிச் சிக்கல் இல்லை என்றால் பழைய கட்டில், மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போங்கள்.

கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். லாரிக்காரரைவிட எனக்கு வயிற்றெரிச்சல் வீட்டு ஓனர் மேல்தான். 2016இல் குடிபோனபோது மாத வாடகை 12,000, பத்து மாத அட்வான்ஸ் 1,20,000. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார். எந்த வாடகை? 2023இன் வாடகை, 18,000. வாங்கியது பழைய கணக்கு, பிடித்தது புதுக் கணக்கு. ஏழு வருஷம் வட்டியில்லாமல் வைத்திருந்த பணம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று இருக்கிறது. சென்னையில் வீடு தேடும்போது அதைச் சொல்லிப் பாருங்கள், கதவைச் சாத்துவார்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். உங்களுக்கு ஆடி, மார்கழி பார்க்கிற வழக்கம் இல்லையென்றால் அந்த மாதங்களில் பேசுங்கள், வண்டி சும்மா நிற்கும், விலை இறங்கும். மே மாதமும் மாதக் கடைசியும் வேண்டாம். கேஸ் சிலிண்டரை ஏற்ற மாட்டார்கள். ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள், இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பணத்தில் ஒரு பங்கையாவது இறக்கி முடிக்கும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 12,000 காரருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். மாடி எத்தனை, லிப்ட் உண்டா இல்லையா, கிரைண்டர் எவ்வளவு கனம் என்று எல்லாவற்றையும் சொல்லி, மொத்தத் தொகையை வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் எனக்கும் அவர் நம்பரைக் கொடுங்கள், என் நாத்தனார் அடுத்த மாதம் திருச்சிக்கு மாறுகிறாள்.