நோவும் குடியும்: உளவளத்துணையாளரிடம் கேளுங்கள்

தொடங்க முன் ஒன்று. தினமும் குடிப்பவர் இன்றிரவே ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். 6 மணித்தியாலத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆட்கள் கண்ணில் தெரிவார்கள். அது வார்ட்டில் மருந்தோடு கடக்க வேண்டிய கட்டம். உடம்பிலும் மனதிலும் நடப்பதை அப்படியே கவனிக்கும் மைன்ட்ஃபுல்னஸ் பயிற்சி எல்லாம் அதற்குப் பிறகுதான். சரி, ஊர்ப் பெயரைப் போட்டுக் கேளுங்கள்.

உப்புவெளி: அண்ணா, கரைவலை இழுத்தே நாரி போயிற்று. முந்தி கால்போத்தல் இல்லாமல் படுக்க ஏலாது. இப்ப விட்டு மூன்று மாதம். பின்னேரம் நோ ஏறினால் பழைய நினைவும் ஏறுது.

தம்பி, நாரி நோ ஒன்று, "ஒன்று அடித்தால் சரி" என்கிற அவா இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றாகத் தெரிகிறது. பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் வேலை. முழங்காலை மடித்துப் பாயில் நிமிர்ந்து படுங்கள். குதிக்காலில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகக் கவனித்து மேலே வாருங்கள். நாரிக்கு வந்ததும் தாண்டி ஓடாதீர்கள். எரிவா, குத்தா, இறுக்கமா? மூச்சு விடும்போது கூடுதா, குறையுதா? நோவுக்குப் பயந்து வயிறும் தாடையும் இறுகிக் கிடக்கும், அதைத் தளர்த்துங்கள். பிறகு அவாவைத் தேடுங்கள்: வாயில் ஊறும் நீர், நெஞ்சில் ஒரு அவசரம், வாசலைப் பார்க்கும் கண். சியாட்டிலில் அலன் மார்லட் என்ற உளவியலாளர் படிப்பித்தது இதைத்தான். அவா அலை மாதிரி ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கும். முட்டவும் வேண்டாம், இழுபடவும் வேண்டாம். பெரும்பாலும் 20, 30 நிமிடத்துக்குள் அடங்கும். கடலுக்குப் போகிற உங்களுக்கு அலையைப் பற்றி நான் என்ன சொல்ல!

கால் மரத்தாலோ, சலம் அடக்க ஏலாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரி.

நிலாவெளி: எத்தனை நாளில் நோ மாறும்?

மாறும் என்று சொல்லவில்லையே. 1979இல் ஜோன் கபட்-சின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் தொடங்கிய மைன்ட்ஃபுல்னஸ் வகுப்பு 8 கிழமை. மருந்தால் மாறாத நோக்காரர் பலர் அங்கே வந்தார்கள். நோவோடு இருக்கப் பழகினார்கள்.

கிண்ணியா: நான் குடிக்கிறதில்லை. விபத்துக்குப் பிறகு டிரமடோல் என்ற நோக்குளிசையை விட ஏலாமல் இருக்கு. தொழுதுவிட்டு இருந்து செய்யலாமா?

தாராளமாக, நானா. ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டொக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குடிப்பவர்களும் கேளுங்கள்: டிரமடோல், நரம்பு நோவுக்குத் தரும் பிரீகபலின், இவற்றோடு சாராயம் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். டைக்ளோஃபெனாக் என்ற நோக்குளிசையோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம்.

உவர்மலை: இது புத்த சமயத் தியானம். திருகோணமலையில் கோணேசர் காலடியில் இருக்கிற எங்களுக்கு எதற்கு? திருமூலர் மூச்சுக் கணக்குப் போதாதா?

வேர் பௌத்தத்தில்தான், மறைக்கவில்லை. கபட்-சின் சமயத்தை விட்டுவிட்டுப் பயிற்சியை எடுத்தார். திருமூலர் கணக்கு 16 மாத்திரை இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது. அது மூச்சை ஆளும் வழி, குருவோடு பழக வேண்டியது. இங்கே மூச்சைப் பார்ப்பது மட்டும். குடியை விட்ட புதிதில் நெஞ்சு படபடக்கிற ஆளை 64 வரை அடக்கு என்று நான் சொல்லமாட்டேன்.

பாலையூற்று: நான் செபமாலையோடு செய்கிறேன். மாதா கோபிக்கவில்லை.

உவர்மலை: இன்றைக்கு மூச்சைப் பார் என்பீர்கள், நாளைக்குப் பன்சலைக்கு, புத்த கோயிலுக்குப் போ என்பீர்கள்.

ஐயா, தொடக்கத்திலிருந்து நான் போகச் சொல்வது ஆஸ்பத்திரிக்கு. 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிகிச்சை முடித்த 286 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். இந்தப் பயிற்சி எடுத்தவர்கள் குடியிலும் போதையிலும் கழித்த நாட்கள் மற்றவர்களை விடக் குறைவு. யாரைக் கும்பிட்டார்கள் என்பது அங்கே கணக்கில் இல்லை. இதோடு விடுவோம்.

தம்பலகாமம்: முழங்கால் நோவுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கலாமா?

சூடு இதம் தரும். குளியுங்கள். வெறியில் போகாதீர்கள்.

குச்சவெளி: எத்தனை நாளில் நோ…

நிலாவெளிக்காரருக்குச் சொன்னதுதான்.

மூதூர்: அண்ணா, நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை, சாராயக் கடை பூட்டு. அதோடு குடியை விடப்போகிறாராம் என்ட அவர். தினமும் அரைப்போத்தல். தியானம் சொல்லிக்கொடுக்கட்டா?

தங்கச்சி, நான் முதலில் எழுதியதை வாசியுங்கள். கடை பூட்டி நின்றாலும் அது ஒரேயடியாக நிறுத்துவதுதான். போயாவன்று வலிப்பு வந்து வார்ட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. நாளை வரை பார்த்திருக்காமல் இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். எவ்வளவு குடிப்பார், முந்தி வலிப்பு வந்ததா என்று டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். வழியில் வலிப்பு வந்தால் அம்புலன்சுக்கு, 1990க்கு அடியுங்கள். ஒருக்களித்துப் படுக்கவிடுங்கள், வாயில் எதுவும் திணிக்க வேண்டாம். வார்ட்டிலிருந்து வந்தபின் எழுதுங்கள், பயிற்சியைப் பார்ப்போம்.