பின்தங்கிய வேட்பாளர் எட்டிப் பிடிக்க முடியுமா? ஒரு பெர்னி ஆதரவாளரிடம் கேள்விகள்

2016இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஹிலாரி கிளிண்டனோடு போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸுக்காக ஆறு மாதம் வேலை செய்தவள் நான். வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மற்ற மாநில வாக்காளர்களுக்கு ஃபோன் போடுவேன். பிரைமரி என்பது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் தேர்தல்; டெலிகேட் என்பவர் அதன் முடிவுப்படி கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு வாக்களிக்கும் பிரதிநிதி. ஒவ்வொரு பிரைமரி இரவும் டெலிகேட் கணக்கை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் பின்தங்கிய ஒருவருக்கு உண்மையில் எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டவர்களுக்கு, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (டல்லாஸிலிருந்து): அக்கா, பெர்னி 22 மாநிலங்களில் ஜெயித்தார். மிச்சிகனில் எல்லாக் கருத்துக்கணிப்பையும் பொய்யாக்கினார். அப்படியிருந்தும் எப்படித் தோற்றார்?

பதில்: நீங்கள் சொல்லும் அந்த மிச்சிகன் இரவையே எடுத்துக்கொள்வோம். 2016 மார்ச் 8. கருத்துக்கணிப்புகளில் ஹிலாரி கிளிண்டன் சராசரியாக 20 சதவீதத்துக்கு மேல் முன்னே இருந்தார். வாக்கு எண்ண எண்ண பெர்னி மேலேயே நின்றார். கடைசியில் 49.7க்கு 48.3 என்று ஜெயித்தார். நான் அழுதேவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பிச் சொன்னேன்.

காலையில் காபியோடு உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். மிச்சிகனில் மொத்தம் 130 டெலிகேட். பெர்னிக்கு 67, ஹிலாரிக்கு 63. அவ்வளவு பெரிய அதிர்ச்சி வெற்றியில் நமக்குக் கிடைத்த லாபம் நான்கு. அதே நாள் மிசிசிப்பியிலும் தேர்தல் நடந்தது. அதை யாரும் பேசவில்லை, நானும் கவனிக்கவில்லை. அங்கே ஹிலாரி 80 சதவீதத்துக்கு மேல் வாங்கியிருந்தார். 36 டெலிகேட்டில் அவருக்கு 31, பெர்னிக்கு 5. நஷ்டம் 26. ஆக, நாங்கள் கொண்டாடிய இரவில் பெர்னி 22 டெலிகேட் கூடுதலாகப் பின்தங்கிப் போயிருந்தார். அந்தப் பக்கத்தில் 22 என்ற எண்ணைச் சுற்றி நான் போட்ட வட்டம் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தமாக இருக்கிறது.

ஜனநாயகக் கட்சியில் டெலிகேட்டுகளை வாக்கு விகிதப்படி பிரிக்கிறார்கள். 15 சதவீதத்தைத் தொட்டவருக்கெல்லாம் பங்கு உண்டு. அதனால் ஒரு மாநிலத்தில் யார் ஜெயித்தார் என்பதைவிட, எத்தனை வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பதுதான் கணக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் பெர்னி 70 சதவீதத்தைத் தாண்டி வாங்கினார். 74க்கு 27, லாபம் 47. ஃப்ளோரிடாவில் ஹிலாரி 141க்கு 73, லாபம் 68. எங்களுடைய மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று, அவருடைய ஒரு ஃப்ளோரிடாவுக்கு ஈடாகவில்லை.

கேள்வி (சான் ஹோசேயிலிருந்து): சரி, ஆனால் "இன்னும் பாதி மாநிலங்கள் மிச்சம் இருக்கின்றன" என்று ஆதரவாளர்கள் சொல்லும்போது அதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: சுலபமான கணக்குதான். மீதமுள்ள டெலிகேட் எண்ணிக்கையோடு நீங்கள் பின்தங்கிய எண்ணிக்கையைக் கூட்டி, இரண்டால் வகுங்கள். சமநிலைக்கு வரவே அவ்வளவு வேண்டும்.

2016 மார்ச் 15இல் ஃப்ளோரிடா, ஒஹையோ, வட கரோலைனா, இல்லினாய், மிசூரி ஐந்துமே ஹிலாரிக்குப் போயின. அன்றோடு தேர்தலில் வென்ற டெலிகேட் வகையில் மட்டும் அவருடைய முன்னிலை 300ஐத் தாண்டியது. மீதம் சுமார் 2,000. இரண்டையும் கூட்டினால் 2,300, அதில் பாதி 1,150. அதாவது மீதமுள்ள எல்லா இடத்திலும் பெர்னி சராசரியாக 57, 58 சதவீதம் வாங்கியாக வேண்டும். பார்க்க எட்டிவிடும் போலத்தான் தெரியும். ஆனால் கலிபோர்னியாவிலும் நியூ யார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் அதே சராசரியைத் தொட வேண்டுமே!

கலிபோர்னியா போன்ற ஒரு பெரிய இடத்தில் 50க்கு 50 வந்தாலே அந்த 58 ஏறி கிட்டத்தட்ட 60ஆகும். வையோமிங்கில் அவர் 56 சதவீதம் வாங்கி ஜெயித்தார். 14 டெலிகேட் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தது. டிவியில் "வெற்றி" என்று ஓடியது. இடைவெளி ஒன்றுகூடக் குறையவில்லை, மீதமுள்ள எண்ணிக்கையில்தான் 14 குறைந்தது. பின்தங்கியவருக்குச் சின்ன வெற்றியும் ஒருவகையில் தோல்விதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கேள்வி (டொராண்டோவிலிருந்து): இது பெர்னிக்கு மட்டும் நடந்ததா, வேறு யாருக்கும் நடந்திருக்கிறதா?

பதில்: 2008இல் இதே கணக்கு ஹிலாரியைத்தான் கவிழ்த்தது. அந்த வருடம் பிப்ரவரி 5 அன்று அவர் நியூ ஜெர்சியில் ஜெயித்தார். 59க்கு 48, லாபம் 11. அதே நாள் ஐடஹோ என்ற சின்ன மாநிலத்தில் ஒபாமா 15க்கு 3, லாபம் 12. பெரிய நியூ ஜெர்சியை ஒரு குட்டி ஐடஹோ அடித்துவிட்டது. ஐடஹோவில் அப்போது காக்கஸ் முறை. வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவதல்ல, கூட்டத்தில் உட்கார்ந்து ஆதரவைத் தெரிவிக்க வேண்டும். ஆர்வமுள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். ஒபாமா குழு அங்கெல்லாம் ஆள் போட்டு வேலை செய்திருந்தது.

பிறகு ஹிலாரி ஒஹையோவில் ஜெயித்தார், பென்சில்வேனியாவில் ஜெயித்தார், டெக்சஸ் பிரைமரியிலும் ஜெயித்தார். ஆனால் டெக்சஸில் காக்கஸும் சேர்ந்து நடந்ததால் மொத்த டெலிகேட் ஒபாமாவுக்குத்தான் அதிகம் போனது. பிப்ரவரியில் விழுந்த இடைவெளி ஜூன் வரை மூடவே இல்லை. அவருடைய ஆதரவாளர்களும் எங்களைப் போலவேதான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நம்பியிருப்பார்கள்.

கேள்வி (ஹூஸ்டனிலிருந்து): குடியரசுக் கட்சியிலும் இதே விதியா மேடம்?

பதில்: இல்லை. அங்கே பல மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே மொத்தமும். 2016இல் தென் கரோலைனாவில் டிரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் 50 டெலிகேட்டும் அவருக்கே. ஃப்ளோரிடாவின் 99ம் அப்படியே. அங்கே பின்தங்கியவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு, சில பெரிய மாநிலங்களைப் பிடித்தால் சட்டென்று மேலே வரலாம். ஆனால் எதிர்ப்பு ஓட்டு மூன்று நான்கு பேருக்குச் சிதறினால் முன்னால் இருப்பவர் எட்டாத தூரம் போய்விடுவார். டிரம்ப்பை எதிர்த்து நின்ற க்ரூஸ், ரூபியோ, கேசிக் மூவருக்கும் நடந்தது அதுதான்.

கேள்வி (எடிசனிலிருந்து): சூப்பர் டெலிகேட்டுகள்தான் பெர்னியிடமிருந்து பறித்தார்கள் என்று என் மகன் இன்றும் சண்டை போடுகிறான். நீங்கள் பெர்னி ஆள், நீங்களே சொல்லுங்கள்.

பதில்: பறிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். சூப்பர் டெலிகேட் என்பது எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகியோருக்குத் தேர்தல் இல்லாமலே கிடைக்கும் வாக்கு. அப்போது சுமார் 700 பேர் இருந்தார்கள். அவர்களை முழுக்க ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். தேர்தலில் வென்ற 4,051 டெலிகேட்டுகளில் ஹிலாரிக்கு 2,205, பெர்னிக்கு 1,846. மொத்த வாக்கிலும் அவர் 30 லட்சத்துக்கு மேல் முன்னே.

ஆனால் உங்கள் மகனின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான சூப்பர் டெலிகேட்டுகள் ஹிலாரி பக்கம் என்று அறிவித்துவிட்டார்கள். டிவியில் அவர்களையும் சேர்த்தே எண்ணிக்கை காட்டினார்கள். நான் ஃபோன் போட்டபோது எத்தனையோ பேர் "அதுதான் முடிந்துவிட்டதே" என்றார்கள். அது எத்தனை ஓட்டைக் கெடுத்தது என்று அளக்க வழியில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

எங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் சூப்பர் டெலிகேட்டே கூடாது என்றோம். மே மாதத்தில் "அவர்கள் மனம் மாறி பெர்னிக்கு வர வேண்டும்" என்றோம். இரண்டையும் ஒரே வாயால் சொல்லியிருக்கக் கூடாது. 2008இல் எம்.பி. ஜான் லூயிஸ் போன்ற சூப்பர் டெலிகேட்டுகள் ஹிலாரியிடமிருந்து ஒபாமாவுக்கு மாறியது உண்மை. ஆனால் அவர்கள் மாறியது தேர்தலில் முன்னே இருந்தவர் பக்கம்.

கேள்வி (குவீன்ஸிலிருந்து): நியூ யார்க்கில் எங்களைப் போன்றவர்கள் ஓட்டே போட முடியவில்லையே?

பதில்: ஆமாம். கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்ற மாநிலம் அது. தேர்தல் 2016 ஏப்ரல் 19. ஏற்கெனவே பதிவான வாக்காளர் கட்சி மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஆறு மாதத்துக்கு முன்பு! அப்போது பலருக்குப் பெர்னி யார் என்றே தெரியாது.

ஒரு பெண்மணியிடம் ஃபோனில் பேசியது நினைவிருக்கிறது. நர்ஸ் வேலை, இரவு ஷிஃப்ட் முடித்து வந்திருந்தார். "நிச்சயம் பெர்னிக்குத்தான்" என்றார். எந்தக் கட்சியில் பதிவு என்று கேட்டேன். "எதிலும் இல்லை." நான் தேதியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிம்மா, நீயாவது ஓட்டுப் போடு" என்று வைத்துவிட்டார். அன்று அப்படி நான்கு பேர்.

அந்த விதி இல்லாவிட்டால் நியூ யார்க்கில் பெர்னி ஜெயித்திருப்பாரா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன், வித்தியாசம் 58க்கு 42. ஆனால் விதியைப் போட்டி தொடங்கிய பிறகு திட்டிப் பயனில்லை. பின்தங்கிய வேட்பாளருக்கு உதவ நினைப்பவர் முந்தைய வருடமே பதிவுப் படிவத்தோடு தெருவில் இறங்க வேண்டும்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து): மாநாடு வரை போனால் அங்கே தலைகீழாகுமா?

பதில்: மிக நெருங்கி வந்தது 1976இல் குடியரசுக் கட்சியின் ரீகன். முதல் ஐந்து பிரைமரியும் தோற்று, வட கரோலைனாவில் எழுந்து, டெக்சஸை அடித்து, கான்சஸ் சிட்டி மாநாடு வரை அதிபர் ஃபோர்டை விடாமல் துரத்தினார். மாநாட்டுக்கு முன்பே துணை அதிபர் வேட்பாளராக மிதவாத செனட்டர் ஸ்வைக்கர் பெயரை அறிவித்துப் பார்த்தார், அதில் சொந்த ஆட்களே சிலர் கோபித்துக்கொண்டார்கள். முடிவு: ஃபோர்டு 1,187, ரீகன் 1,070. 1980இல் ஜனநாயகக் கட்சியில் எட்வர்ட் கென்னடியும் அதிபர் கார்ட்டருக்கு எதிராக மாநாடு வரை போனார், அவருக்கும் கிடைக்கவில்லை.

கேள்வி (அட்லாண்டாவிலிருந்து): ஆனால் 2020இல் பைடன்? அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷைரில் ஐந்தாவது. அவர் ஜெயித்தாரே!

பதில்: நல்ல கேள்வி. முதல் இரண்டு மாநிலங்களில் பங்கிடப்பட்ட டெலிகேட்டுகள் மிகக் குறைவு. பைடன் செய்தியில் பின்தங்கியிருந்தாரே தவிர, கணக்கில் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. அவருக்கு வலுவான கறுப்பின வாக்காளர்கள் தென் கரோலைனாவில் காத்திருந்தார்கள். அங்கே செல்வாக்குள்ள கறுப்பின எம்.பி. க்ளைபர்ன் ஆதரவு அறிவித்தார், பிப்ரவரி 29 அன்று பைடன் கிட்டத்தட்ட 49 சதவீதம் வாங்கினார். அடுத்த இரண்டு நாளில் போட்டியிலிருந்த புட்டிஜெஜும் க்ளோபுச்சரும் விலகி அவர் பக்கம் வந்தார்கள். மார்ச் 3இல் 14 மாநிலங்களில் 10 அவருக்கு. நான் அப்போதும் பெர்னி பக்கம்தான், மூன்றே நாளில் தரை நழுவியது போல் இருந்தது.

எட்டிப் பிடிக்க முடியுமா என்று கேட்டால் நான் பார்ப்பது இரண்டு: உங்கள் ஆட்கள் அதிகமுள்ள மாநிலங்கள் இனிமேல்தான் வருகின்றனவா? மற்றவர்கள் விலகினால் அந்த ஓட்டு உங்களுக்கு வருமா? 2016 ஏப்ரலில் பெர்னிக்கு இரண்டுக்குமே பதில் "இல்லை" என்பதுதான். களத்தில் இருந்தது இருவர் மட்டும்.

கேள்வி (மில்பிடாஸிலிருந்து): நம்ம ஊர் வேர் உள்ளவர்கள் சீக்கிரம் விலகிவிடுகிறார்களே?

பதில்: கமலா ஹாரிஸ் 2019 டிசம்பரில், ஒரு ஓட்டுகூட விழும் முன்பே விலகினார். தமிழ் பேசத் தெரிந்த விவேக் ராமசாமி 2024இல் அயோவாவில் நான்காவதாக வந்த அன்றே விலகினார். பணம் தீர்ந்த பிறகு நின்றால் கடன்தான் மிஞ்சும். கமலா விலகிய எட்டு மாதத்தில் துணை அதிபர் வேட்பாளரானார். விலகியதால் அவர் கதை முடிந்துவிடவில்லை.

கேள்வி (சிகாகோவிலிருந்து, கொஞ்சம் கோபமாக): ஜெயிக்க முடியாது என்று தெரிந்தும் பெர்னி ஜூன் வரை நின்றது கட்சிக்குக் கெடுதல் இல்லையா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் நின்றதால்தான் 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் கட்சியின் கொள்கை அறிக்கைக்குள் வந்தது. அந்தச் சண்டையின் தொடர்ச்சியாகத்தான் 2018இல் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு முதல் சுற்று வாக்கு இல்லை என்று விதி மாறியது. பெர்னி ஜூலை 12 அன்று ஹிலாரிக்கு ஆதரவு அறிவித்து அவர் பக்கத்திலேயே நின்றார்.

ஆனால் வேட்பாளர் நிற்பது வேறு, தொண்டரிடம் பொய் சொல்வது வேறு. மே மாதத்தில் எங்கள் குழுவில் ஒரு கல்லூரி மாணவி பகுதிநேர வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரத் தயாரானாள். "ஜெயித்துவிடுவோம்தானே அக்கா?" என்று கேட்டாள். கணக்கைக் காட்டினேன். ஜெயிக்க வழியில்லை, ஆனால் இந்த ஓட்டுகள் கொள்கை அறிக்கைக் குழுவில் பேசும் என்றேன். வேலையை விடவில்லை, சனி ஞாயிறில் வந்தாள். கணக்கு தெரிந்ததால் அவள் உற்சாகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (ஃப்ரீமான்டிலிருந்து): கலிபோர்னியாவில் எண்ணி முடிக்கும் முன்பே அறிவித்துவிட்டார்களே, அது?

பதில்: அங்கே தபால் ஓட்டு எண்ண வாரக்கணக்கில் ஆகும். ஜூன் 7 இரவு ஹிலாரி 13 சதவீதம் போல முன்னே இருந்தார். எண்ணி முடித்தபோது 7 சதவீதமாக இறங்கியிருந்தது. இடைவெளி குறையும் என்று எங்கள் ஆட்கள் சொன்னது சரிதான். டெலிகேட் 254க்கு 221. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதியிருக்கிறேன், கீழே எங்கள் நியூ ஜெர்சியின் வாக்கு வரி: 63 சதவீதத்துக்கு 37. அந்த 37இல் என்னுடைய ஓட்டும் ஒன்று.